வன்தட்டின் வேகம்: பரிமாற்ற முறைகளும் டிரைவர் அமைப்புகளும்

வன்தட்டில் இருக்கும் தரவு கணினியின் நினைவகத்துக்கு வந்துசேர நான்கு பொருள்கள் ஒத்துப்போக வேண்டும்: வன்தட்டின் அடியில் உள்ள மின்பலகை, கேபிள், மதர்போர்டில் உள்ள கன்ட்ரோலர், அந்தக் கன்ட்ரோலரை இயக்கும் டிரைவர் மென்பொருள். கணினியை ஆன் செய்ததும் எந்த வேகத்தில் தரவு போய்வருவது என்று இவற்றுக்கிடையே ஓர் உடன்பாடு ஏற்படுகிறது. அதைத்தான் பரிமாற்ற முறை என்கிறோம். நான்கில் எது மெதுவானதோ அதற்கேற்பத்தான் மற்ற மூன்றும் நடந்தாக வேண்டும். இடையில் பிழைகள் தென்பட்டால் டிரைவர் தானாகவே வேகத்தை இறக்கிவிடும்.

வேகம் குறைந்துவிட்ட கணினியைச் சரிசெய்யும்போது இந்தக் கடைசிச் செய்தியை மறக்கக் கூடாது. டிரைவர் வேகத்தைக் காரணமில்லாமல் இறக்குவதில்லை. பழுதான கேபிளை அப்படியே விட்டுவிட்டு அமைப்பை மட்டும் பழைய நிலைக்குக் கொண்டுவந்தால் சில நாள்களில் அது மறுபடியும் இறங்கிவிடும். இந்த அத்தியாயம் முழுவதும் அமைப்பையும் கேபிளையும் சேர்த்தே பார்க்கிறது.

பிஐஓ, டிஎம்ஏ

அகலமான பட்டைக் கேபிளில் இணையும் பழைய ஐடிஇ வன்தட்டுகளில் தரவைக் கொண்டுவர இரண்டு வழிகள் இருந்தன. முதல் வழி பிஐஓ. இதில் ஏற்றுமதி இறக்குமதி எல்லாம் செயலியின் பொறுப்பு. 512 பைட் கொண்ட ஒரே ஒரு செக்டரைப் படிக்க, செயலி 16 பிட் வீதம் 256 முறை கன்ட்ரோலரிடமிருந்து வாங்கி நினைவகத்தில் வைக்க வேண்டும். 700 எம்பி கோப்பு ஒன்றை நகலெடுப்பதற்கு இந்தக் கணக்கைப் பெருக்கிப் பார்த்தால், பிஐஓவில் ஓடும் கணினியில் மவுஸ் ஏன் திக்கித் திக்கி நகர்கிறது, பாட்டு ஏன் விட்டுவிட்டுக் கேட்கிறது என்பது விளங்கும். பிஐஓவில் 0 முதல் 4 வரை ஐந்து படிகள் உண்டு. முதல் படியில் விநாடிக்கு 3.3 எம்பி, கடைசிப் படியில் 16.7 எம்பி. இவை கேபிளின் உச்ச வரம்புகள்தான். நடைமுறையில் கிடைப்பது இதைவிடக் குறைவு.

இரண்டாவது வழி டிஎம்ஏ. செயலி கட்டளையை மட்டும் கொடுத்துவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போய்விடும். கன்ட்ரோலரே தரவை நேராக நினைவகத்தில் எழுதி, முடிந்ததும் ஒரு சைகை அனுப்பும். தொடக்ககால மல்டிவேர்டு டிஎம்ஏவின் உச்ச வேகமும் அதே 16.7 எம்பிதான். எண்ணில் முன்னேற்றம் இல்லாவிட்டாலும் செயலிக்கு விடுதலை கிடைத்தது.

வேகத்தில் பெரிய பாய்ச்சல் அல்ட்ரா டிஎம்ஏவோடு வந்தது. கடிகாரத் துடிப்பின் ஏற்றத்திலும் இறக்கத்திலும் தரவை அனுப்பும் உத்தி இது. இதன் 2ஆம் படி 33 எம்பி, 4ஆம் படி 66 எம்பி, 5ஆம் படி 100 எம்பி, 6ஆம் படி 133 எம்பி. ஏடிஏ-66, ஏடிஏ-100 என்று பெட்டிகளில் அச்சிட்டிருந்த பெயர்கள் இந்த எண்களிலிருந்து வந்தவைதான். வேகத்தோடு சிஆர்சி சோதனையும் இதில் சேர்ந்தது: அனுப்பிய தரவும் பெற்ற தரவும் ஒன்றுதானா என்று வன்தட்டும் கன்ட்ரோலரும் ஒவ்வொரு முறையும் கணக்குப் போட்டு ஒப்பிடும். பிஐஓவில் இந்தச் சோதனையே கிடையாது. கேபிளில் ஒரு பிட் புரண்டாலும் யாருக்கும் தெரியாமல் கோப்பில் பதிந்துவிடும். ஆகவே பிஐஓவுக்கு இறங்கிவிட்ட கணினி மெதுவாகிவிட்டது என்பதோடு விஷயம் முடிவதில்லை. தரவின் பாதுகாப்பும் குறைந்திருக்கிறது.

எண்பது கம்பிக் கேபிள்

அல்ட்ரா டிஎம்ஏ 2ஆம் படி வரைக்கும் பழைய 40 கம்பிக் கேபிள் போதும். அதற்கு மேல் போக 80 கம்பிக் கேபிள் கட்டாயம். இரண்டின் முனையிலும் ஊசிகள் அதே 40தான் என்பதால் முனையை மட்டும் பார்த்து அடையாளம் காண முடியாது. பட்டையைப் பார்க்க வேண்டும். 40 கம்பிக் கேபிளில் வரிகள் தடிமனாக, விரலால் தடவினால் மேடு பள்ளம் தெரியும்படி இருக்கும். 80 கம்பிக் கேபிள் மெல்லிய வரிகளோடு ஏறக்குறைய வழவழப்பாக இருக்கும். கூடுதலாக உள்ள 40 கம்பிகளும் தரைக்கம்பிகள். பக்கத்துப் பக்கத்துக் கம்பிகளின் மின்சைகைகள் ஒன்றையொன்று குழப்பாமல் இடையில் நின்று தடுப்பது அவற்றின் வேலை.

80 கம்பிக் கேபிளின் முனைகளுக்கு நிறம் உண்டு. நீலம் மதர்போர்டுக்கு, கறுப்பு மாஸ்டராக உள்ள வன்தட்டுக்கு, நடுவில் உள்ள சாம்பல் நிறம் ஸ்லேவுக்கு. நீல முனையில் 34ஆம் ஊசி கம்பியோடு இணையாமல் தரையிணைப்புப் பெற்றிருக்கும். மாட்டியிருப்பது 80 கம்பிக் கேபிள் என்று கன்ட்ரோலர் கண்டுகொள்வது அதை வைத்துத்தான். கேபிளைத் தலைகீழாக மாட்டினால் இந்தக் கண்டறிதல் தவறிப்போய், நல்ல கேபிள் இருந்தும் வேகம் 33 எம்பியில் நின்றுவிடலாம். கணினி கிளம்பும்போது 80 கம்பிக் கேபிள் இல்லை என்று பயாஸ் எச்சரித்தால் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்.

ஒரே ஒரு வன்தட்டு இருந்தால் அதைக் கடைசியில் உள்ள கறுப்பு முனையில் மாட்ட வேண்டும். நடுமுனையில் மாட்டிக் கடைசி முனையைத் தொங்கவிட்டால், அந்தத் தொங்கும் துண்டிலிருந்து மின்சைகை எதிரொலித்துத் திரும்பி வந்து சிஆர்சி பிழைகளை உண்டாக்கும். கேபிளின் நீளம் 18 அங்குலத்தைத் தாண்டக் கூடாது. கேபினட் பெரிதாக இருக்கிறதே என்று இன்னும் நீளமான கேபிள் தேடுவது வம்பை விலைகொடுத்து வாங்குவதாகும்.

வன்தட்டும் சிடி டிரைவும் ஒரே கேபிளில் இருந்தால் வன்தட்டும் சிடியின் வேகத்துக்கு இறங்கிவிடும் என்ற நம்பிக்கை நெடுநாளாக இருக்கிறது. ஏடிஏ-33 காலம் தொடங்கி வந்த கன்ட்ரோலர்கள் இரண்டுக்கும் தனித்தனி வேகம் வைத்துக்கொள்ளக்கூடியவை. ஆனால் ஒரு நேரத்தில் ஒன்றுதான் கேபிளைப் பயன்படுத்த முடியும். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு நகலெடுக்கும் வேலை அதிகமாக இருந்தால் இரண்டையும் இரண்டு சேனல்களில் பிரித்து மாட்டுவது நல்லது.

விண்டோஸ் எக்ஸ்பியில் பார்ப்பதும் மீட்பதும்

தொழிற்கூட இயந்திரங்களோடும் பழைய அளவைக் கருவிகளோடும் இணைந்த எக்ஸ்பி கணினிகள் இன்னும் ஓடிக்கொண்டிருக்கின்றன. அவற்றில் ஐடிஇ வன்தட்டு இருந்தால் இந்தப் பகுதி பயன்படும்.

மை கம்ப்யூட்டரில் ரைட் கிளிக் செய்து பிராப்பர்ட்டீஸ், ஹார்டுவேர், டிவைஸ் மேனேஜர் என்று போக வேண்டும். அங்கே ஐடிஇ ஏடிஏ/ஏடிஏபிஐ கன்ட்ரோலர்கள் என்ற கிளையை விரித்தால் பிரைமரி ஐடிஇ சேனல், செகண்டரி ஐடிஇ சேனல் என்று இரண்டு வரிகள் தெரியும். பிரைமரி சேனலை இருமுறை சொடுக்கி அட்வான்ஸ்டு செட்டிங்ஸ் பக்கத்துக்குப் போனால் டிவைஸ் 0, டிவைஸ் 1 என்று இரண்டு கட்டங்கள் வரும். ஒவ்வொன்றிலும் டிரான்ஸ்ஃபர் மோடு என்ற தேர்வும், அதற்குக் கீழே கரன்ட் டிரான்ஸ்ஃபர் மோடு என்ற தகவலும் இருக்கும். முன்னது கேட்பது, பின்னது கிடைத்திருப்பது. மேலே ‘டிஎம்ஏ இஃப் அவைலபிள்’ என்று இருந்தும் கீழே ‘பிஐஓ மோடு’ என்று காட்டினால் டிரைவர் வேகத்தை இறக்கிவிட்டது என்று பொருள். மேலேயே ‘பிஐஓ ஒன்லி’ என்று யாரோ தேர்ந்தெடுத்து வைத்திருந்தால் அதை மாற்றிவிட்டு மறுதொடக்கம் செய்தால் போதும்.

எக்ஸ்பியின் டிரைவர் வேகத்தை எப்போது இறக்குகிறது என்பதற்குத் திட்டமான கணக்கு உண்டு. மொத்தம் ஆறு சிஆர்சி பிழைகளோ காலதாமதப் பிழைகளோ சேர்ந்ததும் ஒரு படி இறக்கும். பிழைகள் தொடர்ந்தால் மேலும் மேலும் இறக்கிக் கடைசியில் பிஐஓவில் கொண்டுபோய் நிறுத்தும். இடையில் ஆயிரக்கணக்கான முறை தரவு நல்லபடியாகப் போய்வந்திருந்தாலும் எண்ணிக்கை அழிவதில்லை. கீறல் விழுந்த சிடியைச் சில முறை படிக்க முயன்றதற்காகக்கூட சிடி டிரைவ் பிஐஓவுக்குப் போய்விடும். இந்தக் கண்டிப்பு தேவைக்கு மேல் கடுமையானது என்றுதான் சொல்ல வேண்டும். கீழே இறக்கிய வேகத்தைத் தானாக மேலே ஏற்றும் ஏற்பாட்டையும் எக்ஸ்பியில் வைக்கவில்லை.

மீட்கும் வழி எளிது. கேபிளைச் சோதித்து, ஐயம் இருந்தால் மாற்றியபின், டிவைஸ் மேனேஜரில் பாதிக்கப்பட்ட சேனலை ரைட் கிளிக் செய்து அன்இன்ஸ்டால் கொடுக்க வேண்டும். விண்டோஸ் இருக்கும் வன்தட்டின் சேனலாக இருந்தாலும் அஞ்ச வேண்டியதில்லை. கணினியை மறுதொடக்கம் செய்ததும் விண்டோஸ் அந்தச் சேனலைப் புதிதாகக் கண்டறிந்து, பழைய பிழைக் கணக்கை விட்டுவிட்டு, வேகத்தை முதலிலிருந்து தீர்மானிக்கும். இன்னொரு முறை மறுதொடக்கம் கேட்டால் அதற்கும் இசைய வேண்டும். பிறகு அதே பக்கத்தைத் திறந்து ‘அல்ட்ரா டிஎம்ஏ மோடு 5’ என்பது போன்ற வரி வந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

அப்படியும் ஏறவில்லை என்றால் கன்ட்ரோலரின் பெயரைக் கவனிக்க வேண்டும். பொதுப்பெயரில் ஸ்டாண்டர்டு டூயல் சேனல் என்று மட்டும் காட்டினால், மதர்போர்டின் சிப்செட்டை விண்டோஸ் அடையாளம் காணவில்லை. மதர்போர்டு நிறுவனம் தரும் சிப்செட் டிரைவரை நிறுவினால் பெரும்பாலும் சரியாகும். சில சிப்செட் நிறுவனங்களின் தனி டிரைவர்களை நிறுவியபின் அட்வான்ஸ்டு செட்டிங்ஸ் பக்கமே மறைந்துபோவதும் உண்டு. அது பழுதில்லை, அந்த நிறுவனத்தின் சொந்த மென்பொருளில் அதே தகவல் இருக்கும்.

சாட்டாவும் ஏஎச்சிஐயும்

பட்டைக் கேபிளில் பல கம்பிகள் ஒரே நேரத்தில் சுமந்த தரவை, சாட்டா ஒற்றை வரிசையில் மிக வேகமாக அனுப்புகிறது. முதல் தலைமுறையின் வேகம் விநாடிக்கு 1.5 ஜிகாபிட், இரண்டாவது 3, மூன்றாவது 6. பைட் கணக்கில் மாற்றும்போது எட்டால் வகுக்கக் கூடாது, பத்தால் வகுக்க வேண்டும். ஒவ்வொரு எட்டு பிட்டும் கேபிளில் பத்து பிட்டாகப் போவதே காரணம். ஆகவே அவை முறையே 150, 300, 600 எம்பி.

சாட்டாவில் பிஐஓ சிக்கல் அரிது. பழைய சாட்டா கணினிகளில் ‘அல்ட்ரா டிஎம்ஏ மோடு 5’ என்றோ 6 என்றோ விண்டோஸ் காட்டுவதைக் கண்டு வேகம் 100 எம்பியில் நிற்கிறது என்று நினைக்க வேண்டாம். லினக்ஸில் யுடிஎம்ஏ/133 என்று வருவதும் அப்படியே. ஐடிஇ காலத்து மென்பொருளுக்காக வைத்த பெயர் அது, சாட்டா இணைப்பின் உண்மை வேகத்தோடு அதற்குத் தொடர்பில்லை.

சாட்டாவில் முடிவெடுக்க வேண்டியது பயாஸில் உள்ள சாட்டா மோடு. அதில் ஐடிஇ, ஏஎச்சிஐ, ரெய்டு என்ற தேர்வுகள் இருக்கும். ஐடிஇ என்றால் சாட்டா கன்ட்ரோலர் பழைய ஐடிஇ போல நடிக்கும். விண்டோஸ் எக்ஸ்பியில் ஏஎச்சிஐ டிரைவர் உடன் வருவதில்லை என்பதால் அந்தக் காலத்தில் இந்த நடிப்பு தேவைப்பட்டது. விஸ்டா முதல் எல்லா விண்டோஸிலும் ஏஎச்சிஐ டிரைவர் உண்டு. ஏஎச்சிஐயில் கிடைக்கும் முக்கியமான பயன் என்சிகியூ. கன்ட்ரோலர் 32 கட்டளைகள் வரை ஒரேயடியாக வன்தட்டிடம் கொடுத்துவிடும், தலை எங்கே நிற்கிறது என்று பார்த்து எதை முதலில் முடிப்பது என்பதை வன்தட்டே தீர்மானித்துக்கொள்ளும்.

இதன் அருமை ஒரு சின்னக் கணக்கில் தெரியும். நிமிடத்துக்கு 7,200 சுற்று சுழலும் வன்தட்டில் ஒரு சுற்றுக்கு 8.3 மில்லிவிநாடி ஆகிறது. தேவையான செக்டர் தலைக்கு அடியில் வரச் சராசரியாக அரைச் சுற்று, அதாவது 4.2 மில்லிவிநாடி. தலை சரியான தடத்துக்கு நகர ஏறத்தாழ இன்னொரு 8 மில்லிவிநாடி. ஆக, சிதறிக்கிடக்கும் சிறு கோப்புகளை ஒவ்வொன்றாகக் கேட்டால் விநாடிக்கு எண்பதுதான் படிக்க முடியும். ஒவ்வொன்றும் 4 கேபி என்றால் விநாடிக்கு 0.3 எம்பிதான் வந்துசேரும். கேபிளின் வேகம் 150 ஆனாலும் 600 ஆனாலும் இந்த எண் மாறாது. சுழலும் வன்தட்டு ஒன்றுக்கு 6 ஜிகாபிட் போர்ட் தேடி அலைவதில் பயனில்லை என்பதும், சுழலும் தட்டு இல்லாத எஸ்எஸ்டிக்கு மாறினால் கணினியே புதிதானதுபோல் தோன்றுவதற்குக் காரணமும் இதிலேயே அடங்கியிருக்கின்றன.

விண்டோஸை நிறுவியபின் மோடை மாற்றுதல்

ஐடிஇ மோடில் நிறுவிய விண்டோஸை அப்படியே வைத்துக்கொண்டு பயாஸில் மட்டும் ஏஎச்சிஐக்கு மாற்றினால் நீலத்திரை வரும். ‘இன்அக்சஸிபிள் பூட் டிவைஸ்’ என்பது அந்தப் பிழையின் பெயர். தேவையில்லாத டிரைவரை விண்டோஸ் தொடக்கத்தில் ஏற்றாமல் விட்டுவிடுவதால் வன்தட்டே அதன் கண்ணுக்குத் தெரியாமல் போகிறது. தரவுக்கு ஒன்றும் ஆகிவிடவில்லை. பயாஸில் பழைய மோடுக்குத் திரும்பினால் விண்டோஸ் மறுபடியும் கிளம்பும்.

விண்டோஸ் 8 முதல் 11 வரை இதை முறையாகச் செய்ய, சிஸ்டம் கான்ஃபிகரேஷன் கருவியைத் திறந்து பூட் பக்கத்தில் சேஃப் பூட் என்பதை டிக் செய்ய வேண்டும். மறுதொடக்கம் செய்து, விண்டோஸ் தொடங்குவதற்கு முன்பே பயாஸுக்குள் போய் ஏஎச்சிஐயைத் தேர்ந்தெடுத்துச் சேமிக்க வேண்டும். சேஃப் மோடில் விண்டோஸ் தேவையான டிரைவரைத் தானே கண்டு ஏற்றிக்கொள்ளும். பிறகு டிக்கை எடுத்துவிட்டு வழக்கம்போல் கிளம்பலாம். தொடங்குவதற்கு முன் கணக்கின் கடவுச்சொல் நினைவில் இருக்கிறதா என்று உறுதிசெய்துகொள்வது அவசியம், சேஃப் மோடில் பின் எண் வேலை செய்யாமல் போகலாம். பிட்லாக்கர் போட்டிருந்தால் அதைத் தற்காலிகமாக நிறுத்தி, மீட்புச் சாவியையும் கையில் வைத்திருக்க வேண்டும்.

விஸ்டாவிலும் விண்டோஸ் 7இலும் வழி வேறு. ரெஜிஸ்ட்ரி எடிட்டரில் எச்கீ லோக்கல் மெஷின், சிஸ்டம், கரன்ட் கன்ட்ரோல் செட், சர்வீசஸ் என்று இறங்கி, எம்எஸ் ஏஎச்சிஐ என்ற பிரிவில் ஸ்டார்ட் என்பதன் மதிப்பை 0 ஆக்கிவிட்டுப் பயாஸில் மாற்ற வேண்டும்.

இணைப்பு வேகம், கேபிள், பிழைப் பதிவுகள்

சாட்டா இணைப்பின் உண்மை வேகத்தை அறிய விண்டோஸில் கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச மென்பொருள் போதும். டிரான்ஸ்ஃபர் மோடு என்ற இடத்தில் சாட்டா/300 | சாட்டா/600 என்பதுபோல் இரண்டு எண்கள் இருக்கும். முதலாவது இப்போது ஓடும் வேகம், இரண்டாவது வன்தட்டால் முடிந்த வேகம். இரண்டும் வேறுபட்டால் மூன்று காரணங்களைப் பார்க்க வேண்டும். 3 ஜிகாபிட் போர்ட்டில் மாட்டியிருக்கலாம், சில பழைய மதர்போர்டுகளில் இரண்டு வகைப் போர்ட்டுகளும் அடுத்தடுத்து இருக்கும். வன்தட்டின் பின்புறம் வேகத்தை மட்டுப்படுத்தும் ஜம்பர் இருக்கலாம். அல்லது பிழைகள் காரணமாக இணைப்பு தானே இறங்கியிருக்கலாம்.

மூன்றாவதைக் கண்டுபிடிக்க அதே மென்பொருளில் சி7 என்ற வரியைப் பார்க்க வேண்டும். அல்ட்ரா டிஎம்ஏ சிஆர்சி பிழைகளின் எண்ணிக்கை அது. இந்த எண் அழியாது என்பதால் அதில் ஏதோ ஓர் எண் இருப்பதைக் கண்டதும் பதற வேண்டாம். குறித்துவைத்துக்கொண்டு, கேபிளை மாற்றி, ஒரு வாரம் கழித்து மறுபடியும் பார்க்க வேண்டும். எண் அசையாமல் இருந்தால் நோய் தீர்ந்தது. ஏறிக்கொண்டே போனால் போர்ட்டையும் மாற்றிப் பார்க்க வேண்டும். இதற்கு மாறாக 05, சி5 என்ற வரிகளில் எண் ஏறினால் தட்டின் பரப்பிலேயே கோளாறு. அப்போது கேபிளை மாற்றுவதில் நேரத்தைக் கழிக்காமல் உடனடியாகத் தரவை வேறிடத்துக்கு நகலெடுக்க வேண்டும்.

சாட்டா கேபிளில் 3க்கு ஒன்று, 6க்கு ஒன்று என்று தனி வகை கிடையாது. தரமான கேபிள் எல்லா வேகத்துக்கும் பொருந்தும். உலோகக் கொக்கி உள்ளதை வாங்கினால் அதிர்வில் கழன்றுவராது. நீளம் 1 மீட்டருக்குள் இருக்க வேண்டும். முனைக்கு அருகில் கூர்மையாக மடிக்கவே கூடாது.

அபூர்வமாக மதர்போர்டே காரணமாக இருப்பதும் உண்டு. 2011 ஜனவரியில் இன்டெல் தன் 6 வரிசைச் சிப்செட்டில் ஒரு வடிவமைப்புப் பிழை இருப்பதாக அறிவித்தது. அதன் 3 ஜிகாபிட் போர்ட்டுகள் காலப்போக்கில் பலவீனமடையக்கூடியவை. 6 ஜிகாபிட் போர்ட்டுகளுக்கு அந்தக் குறை இல்லை. திருத்திய சிப்செட்டுகள் பின்னர் வந்தன. அந்தத் தொடக்க நாள்களில் வந்து மாற்றப்படாமல் போன மதர்போர்டு இன்னும் ஓடிக்கொண்டிருந்தால், வன்தட்டை 6 ஜிகாபிட் போர்ட்டில் மாட்டுவதே பாதுகாப்பு.

கணினி அரை நிமிடம் உறைந்து மீண்டும் ஓடும் பழக்கம் இருந்தால் ஈவன்ட் வியூவரில் சிஸ்டம் பதிவைத் திறக்க வேண்டும். ஸ்டோர் ஏஎச்சிஐ என்ற பெயரில் 129 என்ற எண்ணோடு பதிவுகள் இருந்தால், வன்தட்டு பதில் சொல்லாததால் டிரைவர் இணைப்பை மீட்டமைத்திருக்கிறது. கேபிள் நன்றாக இருந்தும் இது தொடர்ந்தால் இணைப்பின் மின்சேமிப்பு ஏற்பாட்டைச் சந்தேகிக்கலாம். பவர் ஆப்ஷன்ஸில் ஹை பெர்ஃபார்மன்ஸ் திட்டத்துக்கு மாற்றிச் சில நாள் பார்த்தால் தெரிந்துவிடும். லினக்ஸில் இதே தகவல் கெர்னல் பதிவில் கிடைக்கும். சாட்டா லிங்க் எந்த வேகத்தில் இணைந்தது, பிறகு வேகத்தை இறக்கியதா என்பதெல்லாம் அங்கே வரிவரியாக இருக்கும்.

எழுதும் தற்காலிக நினைவகம்

டிவைஸ் மேனேஜரில் டிஸ்க் டிரைவ்ஸ் கிளையில் வன்தட்டைத் திறந்தால் பாலிசீஸ் என்ற பக்கத்தில் இரண்டு டிக் கட்டங்கள் உண்டு. முதலாவது ரைட் கேஷிங். எழுத வேண்டியதை வன்தட்டு தன் சிறு நினைவகத்தில் வாங்கிவைத்துக்கொண்டு பிறகு தட்டில் எழுத இது அனுமதிக்கிறது. இதை எடுத்துவிட்டால் எழுதும் வேகம் வெகுவாகக் குறையும், ஆகவே டிக் இருக்கட்டும். இரண்டாவது கட்டம் அந்த நினைவகத்தை அவ்வப்போது காலிசெய்யச் சொல்லும் கட்டளையையே நிறுத்திவிடுவது. சொல்லாமல் மின்சாரம் போகும் வீடுகளிலும் அலுவலகங்களிலும் இதை டிக் செய்வது ஆபத்து. யுபிஎஸ் இருந்தாலும் அதன் பேட்டரி பழையதாக இருந்தால் நம்ப முடியாது. கிடைக்கும் வேகமும் அந்த ஆபத்துக்கு ஈடாகாது.

என்விஎம்இ

எம்.2 இடத்தில் பொருந்தும் எஸ்எஸ்டிகளில் இரண்டு இனம் உண்டு. ஒன்று உருவத்தில் மட்டும் புதிது, உள்ளே சாட்டாதான், 600 எம்பி வரம்பும் ஏஎச்சிஐயும் அதற்கும் பொருந்தும். மற்றது பிசிஐ எக்ஸ்பிரஸ் வழியாகப் பேசும் என்விஎம்இ. இதில் ஏஎச்சிஐ இல்லை, சாட்டா மோடு தேர்வும் நேரடியாகப் பொருந்தாது. 3ஆம் தலைமுறைப் பிசிஐ எக்ஸ்பிரஸின் நான்கு தடங்களில் விநாடிக்கு ஏறத்தாழ 3.9 ஜிபி வரை போகும். விண்டோஸின் சொந்த என்விஎம்இ டிரைவரே போதுமானது.

புதிய இன்டெல் கணினிகளில், குறிப்பாக 11ஆம் தலைமுறைக்குப் பிறகு, விண்டோஸை நிறுவும்போது டிஸ்க் எதுவும் கண்ணில் படாமல் போகலாம். பயாஸில் விஎம்டி என்ற ஏற்பாடு இயங்குவதே பெரும்பாலும் காரணம். இன்டெல்லின் ஆர்எஸ்டி டிரைவரைப் பென் டிரைவில் எடுத்துவந்து லோட் டிரைவர் வழியாகக் கொடுத்தால் டிஸ்க் தெரியும். ரெய்டு தேவையில்லை என்றால் விஎம்டியை அணைத்துவிட்டு நிறுவலாம். விஎம்டி இயங்கும்போது நிறுவிய விண்டோஸில் பிறகு அதை அணைத்தால் முன்பு சொன்ன அதே நீலத்திரை வரும்.

எம்.2 இடத்தில் எஸ்எஸ்டி மாட்டியதும் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த சாட்டா வன்தட்டு ஒன்று காணாமல் போனால் டிரைவரைக் குறைசொல்ல வேண்டாம். பல மதர்போர்டுகளில் எம்.2 இடமும் சில சாட்டா போர்ட்டுகளும் ஒரே தடத்தைப் பகிர்ந்துகொள்கின்றன, ஒன்றைப் பயன்படுத்தினால் மற்றது அணைந்துவிடும். எந்த இடத்துக்கு எந்தப் போர்ட் அணையும் என்ற அட்டவணை மதர்போர்டின் கையேட்டில் இருக்கும். அதைப் பார்த்து வன்தட்டின் கேபிளை வேறு போர்ட்டுக்கு மாற்றினால் டிஸ்க் திரும்ப வந்துவிடும்.